சதீஷ் பாஸ்கர் செய்தது ஆராய்ச்சியா, வெறும் நடையா?

நெய்தல்வாசி | வெள்ளி, இரவு 10.12

வணக்கம். போன வாரம் முதல் தடவையாக ஆமை நடைக்குப் (இரவில் கரையோரம் ஆமைக் கூடு தேடி நடப்பது) போனேன். நீலாங்கரையில் இரவு கிளம்பி பெசன்ட் நகர் வந்து சேர விடியற்காலை ஆகிவிட்டது. ஏழு கிலோமீட்டர்தான், ஆனால் மணலில் நடப்பதால் பதினைந்து போல இருந்தது. கூடு ஒன்று கிடைத்தது. செத்த ஆமை நான்கு.

கூட நடந்த ஒருவர் வழி முழுக்க சதீஷ் பாஸ்கரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க மதராஸ் வந்தவர், வகுப்பை விடக் கடலில் அதிக நேரம் இருந்தவர், பிறகு பாம்புப் பண்ணைக்காரர்களோடு சேர்ந்து இந்தியக் கடற்கரையில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஆமைத் தடம் தேடி நடந்தவர் என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் சாகசக் கதைதான். ஆளில்லாத தீவில் தனியாக இருந்தார், போத்தலில் கடிதம் போட்டார், இப்படி. எனக்குத் தெரிய வேண்டியது வேறு: அவர் கண்டுபிடித்தது என்ன? ஆமைகளைப் பற்றி அவருக்கு முன் தெரியாத எது, அவருக்குப் பின் தெரிந்தது?

இன்னொரு சின்னக் கேள்வி. திரும்பும்போது எலியட்ஸ் கடற்கரைப் பக்கம் ஒரு தடம் பார்த்தோம். படம் இணைத்திருக்கிறேன். கூடு எங்கேயும் இல்லை. எந்த ஆமை என்று யாராவது சொல்ல முடியுமா?

கணக்குப்பிள்ளை | வெள்ளி, இரவு 11.05

தம்பி, உங்கள் சந்தேகம் நியாயமானது. நான் புள்ளியியல்காரன், ஆமைக்காரன் இல்லை. ஆனாலும் சொல்கிறேன். ஒரு கரையில் ஒரு நாள் நடந்து 20 கூட்டுப்பள்ளம் எண்ணினால் அது 20 ஆமையா, 5 ஆமையா? ஒரே ஆமை ஒரு பருவத்தில் பல தடவை முட்டையிடும். அடுத்த வருடம் வராமலே இருக்கும். நீங்கள் போன வாரத்துக்கு முந்தின வாரம் எத்தனை வந்ததோ, யாருக்குத் தெரியும்? ஒரே ஒரு தடவை நடந்து போய் எண்ணிய எண்ணை வைத்து பெரிதாக எதுவும் சொல்ல முடியாது.

அவர் பெரிய ஆய்விதழ்களில் எழுதியதும் குறைவு என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். பெரும்பாலும் அமைப்புகளுக்குக் கொடுத்த அறிக்கைகள். மரியாதை இருக்கிறது, ஆனால் நடை வேறு, ஆராய்ச்சி வேறு.

அடும்பு | சனி, காலை 6.40

கணக்குப்பிள்ளை சார் கேட்ட கேள்வியை அவரும் தன்னிடமே கேட்டிருக்கிறார். ஆளில்லாத தீவில் தனியாக இருந்த அந்தச் சுகேலிக் கதையே அதனால்தான் நடந்தது. அதைச் சாகசமாக மட்டும் சொல்லிச் சொல்லி உள்ளே இருக்கும் விஷயத்தை விட்டுவிட்டார்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் விலங்கியல் டீச்சர், பழக்க தோஷம்.

லட்சத்தீவில் பேராமை (பச்சை ஆமை என்றும் சொல்வார்கள்) கரையேறுவது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையில். அந்த மாதங்களில் கடல் கொந்தளிக்கும், ஆளில்லாத தீவுகளுக்குப் படகு ஓடாது. ஆமை வரும்போது ஆள் போக முடியாது, ஆள் போக முடிகிறபோது ஆமை இருக்காது. அவரே முன்பு லட்சத்தீவில் கணக்கெடுத்தபோது மழையில்லாத காலத்தில் பழைய பள்ளங்களைத்தான் பார்க்க முடிந்தது. எத்தனை ஆமை, எத்தனை தடவை, எத்தனை நாள் இடைவெளியில் என்பது பள்ளத்தைப் பார்த்தால் தெரியாது.

அதற்கு அவர் பிடித்த வழி ரொம்ப எளிமையானது. மழைக்கு முன்னால் போய் இறங்கிவிடுவது. மழை முடிந்து படகு வரும்போது திரும்புவது. 1982-இல் லட்சத்தீவின் சுகேலியில், வலியகரைத் தீவில் ஐந்து மாதம் தன்னந்தனியாக இருந்தார். இரவெல்லாம் கரையைச் சுற்றி வந்து, ஏறும் ஆமைகளின் துடுப்பில் எண் பொறித்த உலோக வில்லை மாட்டினார். அதே எண் திரும்ப வந்தால் அதே ஆமை. இப்போது 20 கூடு என்றால் எத்தனை ஆமை என்று சொல்லலாம் அல்லவா? இதை நடை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

போத்தல் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கேட்பீர்கள். ஜூலை 3-ஆம் தேதி மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி, போத்தலில் அடைத்துக் கடலில் விட்டார். 24 நாளில் அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்தது. அவர் தானும் ஒரு கடிதம் எழுதி, இரண்டையும் சேர்த்து அந்த அம்மாவுக்கு அனுப்பி வைத்தார். மழைக்கால நீரோட்டம் லட்சத்தீவிலிருந்து கிழக்கே எப்படிப் போகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் வகுப்பில் நடத்தியதில்லை.

மொழிப்பித்து | சனி, காலை 7.15

டீச்சரின் பெயரைப் பார்த்ததும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அகநானூறு 160-ஆம் பாட்டில் குமுழிஞாழலார் நப்பசலையார் ஒரு காட்சி சொல்கிறார். சூல் முற்றிய ஆமை அடும்பங்கொடி சிதையும்படி இழுத்து, வெண்மணல் மேட்டில் முட்டையிட்டு மறைத்துப் போகிறது. அந்த முட்டை குஞ்சாகும்வரை ஆண் ஆமை காவல் காக்கிறது. நம் ஊரில் ஆமை முட்டையைக் கவனித்தவர்கள் இரண்டாயிரம் வருடமாக இருக்கிறார்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

அடும்பு | சனி, காலை 7.32

கொடியும் மணல்மேடும் மறைத்துப் போவதும் அப்படியே சரி. இன்றைக்கும் கூட்டை அங்கேதான் தேடுகிறோம். கணவன் காவல் காப்பது மட்டும் புலவரின் ஆசை. ஆண் ஆமை குஞ்சாகக் கடலில் இறங்கினால் அதற்கப்புறம் நம் கரைகளில் ஏறுவதே இல்லை. அவ்வளவு ஏன், தாயே குழியை மூடிவிட்டுப் போனால் திரும்பிப் பார்ப்பதில்லை.

காசிமேட்டான் | சனி, காலை 11.20

எல்லோரும் முட்டை, கூடு என்றே பேசுகிறீர்கள். தம்பி முதல் வரியிலேயே நான்கு செத்த ஆமை என்று எழுதியிருக்கிறார். அதை யாரும் தொடவில்லை.

எங்கள் அப்பா கட்டுமரம், நான் விசைப்படகு. வலையில் ஆமை விழுவதைக் கண்ணால் பார்த்தவன். நம் கரைக்கு வரும் பங்குனி ஆமைக்கு (ஆலிவ் ரிட்லி) நம்மைப் போல நுரையீரல். மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். இழுவை வலையைப் போட்டு மணிக்கணக்கில் இழுக்கிறோம். முதல் கால்மணியில் உள்ளே போன ஆமை மேலே தூக்கும்போது எப்படி உயிரோடு இருக்கும்? ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு இழுக்கக்கூடாது என்று 1983 சட்டம் சொல்கிறது. ஆமை கூடி நிற்பதும் அந்த ஐந்து மைலுக்குள்தான். உள்ளே வந்து இழுப்பவர்கள் இருக்கிறார்கள், நான் மறைக்கவில்லை. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேல் ஒதுங்கியதே, அது நோய் வந்து செத்ததில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15-இல் ஆரம்பித்து ஜூன் 14 வரை. ஆமை திரளாக வருவது ஜனவரியிலிருந்து மார்ச் வரை. நாங்கள் கரையில் சும்மா இருக்கும்போது பெரும்பாலான ஆமை முட்டையிட்டுப் போய்விட்டது. தடை மீன் குஞ்சு பொரிப்பதற்காகப் போட்டது, சரி. ஆனால் "தடை இருக்கிறதே, இன்னும் ஆமை சாகிறதே" என்று எங்களைப் பார்த்துக் கேட்காதீர்கள்.

நெய்தல்வாசி | சனி, பகல் 12.05

அண்ணே, மன்னிக்கணும். எழுதும்போதே அது உறுத்தியது. அப்படியானால் நாங்கள் முட்டையை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பதெல்லாம் வீண் வேலையா?

கணக்குப்பிள்ளை | சனி, பகல் 2.48

இதற்கு என் துறையில் பதில் இருக்கிறது. 1987-இல் குரௌஸ், கிரௌடர், காஸ்வெல் என்ற மூவர் அமெரிக்காவின் தென்கிழக்குக் கரைப் பெருந்தலை ஆமைகளை (லாகர்ஹெட்) பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆமையின் வாழ்க்கையை முட்டை, குஞ்சு, சின்ன இளசு, பெரிய இளசு, முட்டையிடும் பெண் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பிழைக்கும் என்று அணிக்கணக்குப் (மேட்ரிக்ஸ்) போட்டார்கள். அப்புறம் ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே மேம்படுத்திப் பார்த்தார்கள்.

முட்டை நூற்றுக்கு நூறு பிழைத்தாலும் அந்த ஆமைக்கூட்டம் குறைந்துகொண்டுதான் போனது. பெரிய இளசுகளின் சாவைக் குறைத்தால் கூட்டம் ஏறத் தொடங்கியது. அதுவரை அங்கேயும் எல்லோரும் கரையில் முட்டைக்குக் காவல் இருந்தார்கள். ஒரு பங்குனி ஆமை ஒரு குழியில் நூற்றுச் சொச்சம் முட்டையிடும். அதில் பருவத்துக்கு வருவது மிகச் சில. அதனால் ஒரு முட்டையின் 'விலை' குறைவு. பத்துப் பதினைந்து வருடம் எல்லா வாய்க்கும் தப்பி, இந்த வருடம்தான் முதல் தடவை கரைக்கு வரும் பெண்ணின் விலை ஆயிரம் முட்டைக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள் (எண் என் கற்பனை, தத்துவம் மட்டும் அவர்களுடையது). அதைத்தான் வலை எடுத்துக்கொள்கிறது.

இந்தக் கணக்குதான் இழுவை வலையில் ஆமை தப்பும் கருவி வைக்க வேண்டும் என்ற வாதத்துக்கு முதுகெலும்பு. ஆக, காசிமேட்டார் சொன்னது கணிதத்திலும் சரி.

அடும்பு | சனி, மாலை 4.10

கணக்கு சரி சார். ஆனால் அந்தக் கட்டுரையை "முட்டையைக் கண்டுகொள்ளாதே" என்று படிப்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

மலேசியாவின் திரங்கானுவைப் பாருங்கள். ரந்தாவ் அபாங் கரையில் 1950-களில் தோணியாமை (லெதர்பேக்) ஆண்டுக்குப் பத்தாயிரம் கூடு வைத்தது. முட்டையை ஏலம் விட்டு, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் எடுத்து விற்றுத் தின்றார்கள். பெரிய ஆமைகள் இன்னும் வந்துகொண்டிருந்ததால் பல வருடம் யாருக்கும் உறைக்கவில்லை. பிள்ளை இல்லாத வீடு போல மேலே எல்லாம் நன்றாக இருந்தது. கடலில் வலையும் சேர்ந்துகொண்டது. 1995-இல் 37 கூடு. இப்போது அங்கே தோணியாமை வருவதே அபூர்வம்.

சோகத்திலும் சோகம், இடையில் பொரிப்பகம் வைத்தார்கள். ஆமை முட்டையில் ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண், இரண்டும் பாதிப் பாதி பிறக்கும் சூடு ஏறக்குறைய 29 டிகிரி. அங்கே திறந்த வெயிலில் புதைத்த முட்டைகளில் வந்தது எல்லாம் பெண் குஞ்சு என்று பிற்பாடு தெரிய வந்தது. நல்ல மனசு மட்டும் போதாது என்பதற்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் உதாரணம் இதுதான். எனவே நெய்தல்வாசி, உங்கள் பொரிப்பகத்துக்கு மேலே ஓலைப்பந்தல் இருக்கிறதா என்று கேளுங்கள். முட்டையை எடுத்த சில மணி நேரத்துக்குள், உருட்டாமல் குலுக்காமல், தாய் தோண்டிய அதே ஆழத்தில் புதைக்கிறார்களா என்று பாருங்கள்.

சென்னையில் அந்த முட்டைகளை விட்டுவைத்தால் நாய் தின்னும். தப்பிய குஞ்சும் விளக்கைப் பார்த்து ரோட்டுப் பக்கம் போகும். அதனால் வீண் வேலை இல்லை. அது மட்டுமே போதும் என்று நினைத்தால்தான் தப்பு.

காசிமேட்டான் | சனி, மாலை 5.30

டீச்சர் சொன்னதை ஏற்கிறேன். அந்தத் தப்பும் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பாதிப்பேர் பார்த்திருக்க மாட்டீர்கள். வலையின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம். மீனும் இறாலும் கம்பி இடுக்கில் பின்னால் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, சறுக்கி, மேலேயோ கீழேயோ உள்ள திறப்பு வழியாக வெளியே போய்விடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுக்கு ஏற்ற மாதிரி ஒன்று செய்து கொடுத்திருக்கிறது. நல்ல கருவிதான். ஆனால் அதே திறப்பில் பெரிய மீனும் கொஞ்சம் போகும். டீசல் விற்கிற விலையில் அந்தக் கொஞ்சத்தை யார் விடுவார்?

அமெரிக்காக்காரன் 2019-இல் கருவி இல்லை என்று நம் கடல் இறாலை நிறுத்தினான். அங்கே போவதில் பெரும்பகுதி பண்ணை இறால், அது தடையில்லாமல் போகிறது. நஷ்டம் கடலில் பிடிப்பவனுக்கு. கருவி வைத்தால் கிலோவுக்கு இவ்வளவு கூடுதல் விலை என்று ஒருவன் சொல்லட்டும், மறுநாளே எல்லாப் படகிலும் இருக்கும்.

தீவுக்காரன் | சனி, இரவு 8.55

ஆரம்பக் கேள்விக்கு வருகிறேன், அது என் ஊரைப் பற்றியது. நான் வளர்ந்தது பெரிய நிக்கோபாரின் கேம்பல் பே. அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று அங்கே குடியேறியவர்களில் ஒருவர். பஞ்சாபி, மராட்டி, மலையாளி, தமிழ் எல்லாம் ஒரே தெரு.

எங்களுக்கு ஆமை என்றால் தோணியாமைதான். முதுகில் ஏழு வரி ஓடும், ஓடு கிடையாது, தோல்தான். சில ஊரில் ஏழு வரி ஆமை என்பார்கள். அதன் தடம் ஆறடி அகலத்துக்கு இருக்கும். ஏதோ டிராக்டர் கடலிலிருந்து ஏறி வந்தது போல. 1970-களின் கடைசியில் சதீஷ் பாஸ்கர் இந்தத் தீவுக் கரைகளில் நடந்தார். முதலை உள்ள ஆற்று முகங்களைக் கடந்து, சோறு கிடைத்த இடத்தில் தின்று, கலாத்தியா ஆறு கடலில் சேரும் கரையில் இந்த ஆமை முட்டையிடுவதைக் குறித்து வைத்தார். வெளியுலகத்துக்குக் கலாத்தியா என்ற பெயர் வந்தது அப்படித்தான். பின்னால் 1997-இல் அது வனவிலங்குச் சரணாலயம் ஆனது.

2004 சுனாமியில் தீவின் தென்முனை நான்கு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது. கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள். கலாத்தியாக் கரை காணாமல் போனது. ஆமையும் முடிந்தது என்று நினைத்தோம். சில வருடத்தில் அலை மணலைத் திரும்பக் கொண்டுவந்து போட்டது, ஆமையும் திரும்ப வந்தது. இதில் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

2021 ஜனவரியில் அந்தச் சரணாலய அறிவிப்பு விலக்கப்பட்டது, சரக்குப் பெட்டகத் துறைமுகத்துக்காக. அடுத்த மாதம் வெளியான தேசிய கடலாமைத் திட்ட அறிக்கையில் அதே கலாத்தியா முக்கிய முட்டையிடும் இடங்களில் ஒன்று என்று இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். "அங்கே ஒன்றும் இல்லை, வெறும் மணல்" என்று யாரும் சொல்ல முடியாமல் இருப்பதற்கு ஒரே காரணம், 45 வருடம் முன்னால் ஒருவர் அங்கே போய் எண்ணினார் என்பதுதான். எனக்கு அது ஆராய்ச்சி. கணக்குப்பிள்ளை சாருக்கு எப்படியோ.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 9.20

ராத்திரி உட்கார்ந்து கொஞ்சம் படித்தேன். என் முதல் பதிவில் ஒரு பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

இந்தோனேசியாவின் மேற்குப் பப்புவாவில் ஜமுர்ஸ்பா மேடி என்று ஒரு கரை. மேற்குப் பசிபிக்கின் தோணியாமைகளுக்குக் கடைசிப் பெரிய புகலிடங்களில் ஒன்று. அங்கே 1984-க்கும் 2011-க்கும் இடையில் கூடுகள் 78 விழுக்காடு குறைந்தன என்று 2013-இல் ஒரு கட்டுரை வந்தது. உலகம் முழுக்க அந்த 78 என்ற எண்ணைத் தூக்கிப் பேசுகிறார்கள். ஆனால் 78 என்று சொல்ல 1984-இல் யாராவது போய் எண்ணியிருக்க வேண்டுமே? 1984-85-இல் உலக வனவிலங்கு நிதியத்துக்காக அந்தக் கரைக்குப் போனவர் நம்ம பாஸ்கர்.

என் துறையில் சரிவுக்கோட்டின் இரண்டு முனைக்கும் ஒரே மதிப்பு. பிந்தைய முனையை யாரும் எப்போது வேண்டுமானாலும் போய் அளக்கலாம். முந்தைய முனை போனால் போனதுதான். ஆமைக்கு இது இன்னும் கூடுதல். இன்றைக்குச் செய்யும் தப்பும் நல்லதும் கரையில் தெரிய பதினைந்து, இருபது, பேராமைக்கு முப்பது வருடம்கூட ஆகும். ஆராய்ச்சி நிதி மூன்று வருடத்துக்குத்தான் தருவார்கள்.

திரும்பப் பெறாத பாதி: ஒரு தடவை எண்ணியது போக்கு ஆகாது. அதைப் போக்காக்கியது பின்னால் வருடா வருடம் போனவர்கள். அந்தமானில் ஆமை ஆராய்ச்சியாளர் கார்த்திக் சங்கரின் குழு 2008 முதல் குட்டி அந்தமானில் தோணியாமைகளைத் தொடர்ந்து எண்ணுகிறது. செயற்கைக்கோள் கருவி மாட்டிய ஒரு ஆமை 13,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி மொசாம்பிக் பக்கம் போனது. வேறு சில ஆஸ்திரேலியாவின் மேற்குப் பக்கம். ஒரே கரையில் முட்டையிட்டவை, சாப்பிடப் போவது கடலின் இரண்டு ஓரம். அந்தக் கரையை அழித்தால் நட்டம் எத்தனை நாட்டுக் கடலுக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மொழிப்பித்து | ஞாயிறு, காலை 10.02

"நம்ம பாஸ்கர்". இரண்டு நாளில் நல்ல முன்னேற்றம் சார்.

வடகரை | ஞாயிறு, பகல் 1.15

இழையை இப்போதுதான் பார்த்தேன். எல்லோரும் ஆமை பெருகினால் நல்லது என்ற இடத்தில் நிற்கிறீர்கள். லட்சத்தீவு மீனவரிடம் கேட்டால் வேறு கதை சொல்வார்.

பேராமை தின்பது கடற்புல். அகத்தித் தீவின் களப்பில் (தீவை ஒட்டிய ஆழமில்லாத கடல்) இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அவை கூட்டமாகச் சேர்ந்தன. புல்வெளியை மொட்டையடித்தன. புல்லில் வளரும் மீன் குறைந்தது. ஆமைதான் எங்கள் மீனைக் கெடுக்கிறது என்று மீனவர்கள் கோபப்பட்டார்கள். கடல் ஆராய்ச்சியாளர் ரோகன் ஆர்தரும் கூட இருந்தவர்களும் இதை வருடக்கணக்கில் ஆராய்ந்து, கோபத்தில் உண்மை இருக்கிறது என்று காட்டினார்கள். ஒரு களப்பில் புல் தீர்ந்ததும் ஆமைகள் அடுத்த தீவின் களப்புக்குப் போய்விட்டன. சதீஷ் பாஸ்கர் போன காலத்தில் அந்தத் தீவுகளில் ஆமையைப் பிடித்து அதன் கொழுப்பை உருக்கி மரப் படகுக்குப் பூசுவார்கள். சட்டம் வந்ததும் அது நின்றது. பாதுகாப்பு வெற்றி பெற்ற இடத்தில் அடுத்த பிரச்சினை ஆரம்பித்தது.

அடும்பு | ஞாயிறு, பகல் 2.00

நல்ல சமயத்தில் சொன்னீர்கள். ஆனால் ஆமை பெருகியதுதான் காரணம் என்று அங்கேயே நிறுத்த வேண்டாம். பெரிய சுறாக்கள் குறைந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்ற பேச்சும் உண்டு. ஆமையைத் தின்ன ஆளில்லை, பயந்து இடம் மாறவும் தேவையில்லை. ஆமையை மட்டும் எண்ணினால் பாதிப் படம்தான்.

காசிமேட்டான் | ஞாயிறு, பகல் 3.25

புல் மேயும் ஆமையை வைத்து எங்கள் ஆமையைப் பழி சொல்லிவிடாதீர்கள். பங்குனி ஆமை நண்டு, சங்கு, சொறிமீன் தின்பது.

தீவுக்காரன் | ஞாயிறு, மாலை 4.40

ஒரு தகவல், தெரியாதவர்களுக்காக. 2010-இல் கோவாவில் நடந்த உலகக் கடலாமை மாநாட்டில் அவருக்கு விருது கொடுத்தார்கள். அதற்கு முன் பல வருடம் களத்தை விட்டு விலகி அங்கேயே குடும்பத்தோடு அமைதியாக இருந்தார். 2023 மார்ச்சில் காலமானார். எங்கள் தீவில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. "தாடி வைத்துக்கொண்டு ஆமை எண்ண வந்த ஆள்" என்றால் பழைய ஆட்களில் ஒருவர் இருவர் தலையாட்டுவார்கள்.

நெய்தல்வாசி | ஞாயிறு, இரவு 7.50

எல்லோருக்கும் நன்றி. பொரிப்பகத்தில் கேட்டேன், பந்தல் இருக்கிறது. ஆனால் மணலின் சூட்டை யாரும் அளப்பதில்லை என்றார்கள். ஒரு வெப்பமானி வாங்கிக் கொடுத்து, கூட்டின் ஆழத்தில் தினமும் குறித்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறேன். கணக்குப்பிள்ளை சார், எப்படிக் குறிப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். செத்த ஆமையையும் இனி எண்ணி, இடம், அளவு, ஆணா பெண்ணா என்று எழுதப் போகிறேன்.

கடைசியாக, அந்தத் தடத்தின் படத்தை யாருமே பார்க்கவில்லையே?

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 8.15

தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆழத்தில், குறைந்தது மூன்று கூட்டில். பந்தலுக்கு வெளியே ஒரு இடத்திலும் அளந்து பாருங்கள், இல்லாவிட்டால் பந்தல் எவ்வளவு குறைத்தது என்று தெரியாது. விட்டுப்போன நாளை விட்டுப்போனது என்றே எழுதுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். தடம் எனக்குத் தெரியாது.

காசிமேட்டான் | ஞாயிறு, இரவு 9.30

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துடுப்புத் தடம் இடது வலது மாறி மாறி விழுந்திருக்கிறது, அகலமும் குறைவு. பங்குனி ஆமைதான். பேராமையோ தோணியாமையோ இரண்டு துடுப்பையும் ஒன்றாகப் போட்டு இழுக்கும், தடம் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும்.

கூடு ஏன் இல்லை என்றால், முட்டையிட்டு மூடியபின் பங்குனி ஆமை உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி மணலை அடித்து இறுக்கும். அந்த இடம் களம் போலத் தெரியும். உங்கள் படத்தில் அது இல்லை. மேலே ஏறியிருக்கிறது, பாதி வழியில் வளைந்து அப்படியே இறங்கிவிட்டது. வளைந்த இடத்துக்கு நேர் எதிரே பாருங்கள், படத்தின் மூலையில் கடைக்காரர் போட்ட வெள்ளை விளக்கு எரிகிறது.

நெய்தல்வாசி | ஞாயிறு, இரவு 9.41

அந்தக் கடையில்தான் நாங்கள் டீ குடித்தோம் அண்ணே.